பதினோராம் கேள்வி

வாளையார் தாண்டி, கஞ்சிக்கோட்டுக்கு உள்ளடங்கி
மூடிப்போன ஒரு லாரி யார்டு.
கால் மைல் தார், இரண்டு பக்கமும் டயர் அடுக்கு.
ஞாயிறு, காலை ஏழரை.
என் மேசையில் படிவங்கள் பறக்காதிருக்க
ஒரு ஸ்பார்க் பிளக் சாக்கெட்டை வைத்திருக்கிறேன்.
பதினோராம் கேள்விக்கு இரண்டே கட்டம்:
தானாக மூச்சிழுக்கும் எஞ்சின்.
திணித்து ஊதப்படும் எஞ்சின்.
ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.

சஜிதா கொண்டுவந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து எஸ்டீம்.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில்
நீல சிலிண்டர், அதற்கும் சீட் பெல்ட்.
நைட்ரஸ்.
முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தாள்.

"அதெப்படி சாரே?"
பாதி தின்ற பழம்பொரியோடு வந்தான் ஜிதின் போள்,
டர்போ ஸ்விஃப்ட்காரன்.
"ஞான் காத்தை அமுக்கி விடுறேன், அவ பாட்டில்லேர்ந்து விடுறா.
ரெண்டும் திணிப்புதானே?"

அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.
"டர்பைன் இருக்கா சார்? கம்ப்ரெசர் இருக்கா?
மானிஃபோல்டில் உங்க மீட்டரை மாட்டுங்க."

ரோலர் மேல் ஏற்றி, முழு த்ராட்டிலில், பட்டனை அழுத்தச் சொன்னேன்.
முள் மயிரிழை நடுங்கியது,
வெளிக்காற்றின் அளவைத் தாண்டவில்லை.
எஞ்சின்தான் வேறு ஆளாகிவிட்டது.
குழாயில் வெண்பனி பூத்து
யார்டின் வெயிலில் சொட்டியது.

"சிலிண்டருக்குள்ளே அறுபது மடங்கு அழுத்தம் இருக்கில்ல?"
"சமையல் சிலிண்டர்லயும்தான் இருக்கு.
அதுக்காக அடுப்பை சூப்பர்சார்ஜர்னு சொல்வியா?"
முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சொன்னாள்.

பாலிடெக்னிக்கில் பத்தொன்பது வருடமாக
போர்டில் இதைத்தான் எழுதிப்போடுகிறேன்:
காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு,
இந்த வாயுவில் மூன்றில் ஒரு பங்கு.
சூட்டில் உடையும், பெட்ரோலுக்கு இரை கூடும்.
வந்த விருந்தாளியை யாரும் உள்ளே தள்ளவில்லை,
அவர் கட்டுச்சோற்றோடு வந்திருக்கிறார்.
விடைத்தாளில் இப்படி எழுதியவனுக்கு
முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.
இன்று பேனா நகரவில்லை.

சிமெண்ட் ஆலைப் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது.
இந்தக் கணவாயில் வீசுவதை என்னவென்று சொல்ல?
கடல் தள்ளுகிறதா,
கோயமுத்தூர் வெயில் உறிஞ்சுகிறதா?
காற்றாலைக்காரனுக்கு யூனிட் கணக்கு போதும்.
எனக்கு நெஞ்சில் விசில் ஆரம்பித்திருந்தது.

"நேத்து ராத்திரி செக்போஸ்ட்ல மூணு மணி நேரம் சார்," என்றாள்.
"ஆஸ்பத்திரிக்கா, வெல்டிங்குக்கான்னு கேட்டாங்க.
ரெண்டும் இல்லேன்னேன்.
ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னாங்க."
"என்ன சொன்னே?"
"பல் ஆஸ்பத்திரி."

ஜிதின் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக நெற்றியைச் சுருக்கினான்.

இரண்டாம் கட்டத்தில் டிக் போட்டேன்.
காரணம் வேதியியல் இல்லை.
முதல் வகுப்பில் மீதி ஆறு பேரும்
எண்ணூறு சிசி மாருதியை மெருகேற்றி
காலேஜ் ஃபீஸ் பணத்தில் வந்த பையன்கள்.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்:
இது திணிப்பு அல்ல. ஆனாலும்.

தலைகீழாகவே படித்துவிட்டாள்.
"ஆனாலும்னா?"

பதில் வரவில்லை, இருமல் வந்தது.
சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன்.
குலுக்கி, அமுக்கி, இழுத்து,
பத்து எண்ணும்வரை அடக்கிப் பிடித்தேன்.
எண்ணி முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"இதுக்கு எந்தக் கட்டம் சார்?"

மைக்கில் அவர்கள் எண்களைக் கூப்பிட்டார்கள்.
ஜிதின் கையை கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினான்.
கொடி விழுந்தது.
அவனுக்குப் பதினாலு புள்ளி ஒன்பது, அவளுக்குப் பதினைந்து புள்ளி ஒன்று.
மூன்றாம் கியரில் பட்டனை விட்டுவிட்டாளாம்,
பிஸ்டனில் தட்டும் சத்தம் கேட்டதாம்.

திரும்பி வந்தவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பானெட்டைத் திறந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு
கையை நீட்டினாள்.
மேசையிலிருந்து சாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன்.
படிவங்கள் தமிழ்நாட்டுப் பக்கமாகப் பறந்தன.